பாடாத சம்மனசுகள்

கொம்பனித்தெருவில் தேநீர்க்கடைகளுக்கும் தையற்கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதும் முஸ்லிம் ஓவியர் ஒருவர் நெஞ்சுச் சளியில் படுத்திருந்தார். அவரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனவர் கொட்டாஞ்சேனை ஓவியர். நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஆரு வந்தீக்கிற? கொட்டாஞ்சேனையாரா? உள்ளுக்கு உடாதீங்க! நான் இன்னம் மவுத்தாகல்ல!"

"சும்மா சுகம் விசாரிக்கத்தான் வந்தனான், நானா."

"சொகம் விசாரிக்க வந்தவரு என்ட மூஞ்சிய எலுவா பாக்கோணும்? கண்ண ஏன் செவத்துல வெச்சீக்கிறீங்க? பெய்ட்டு பொறகு வாங்க. மவுத்தான ஒடன செல்லியனுப்பச் செல்றன்."

பலகைக்காரர் சொன்னது சரி. கொட்டாஞ்சேனை ஓவியரின் கண் நோயாளியில் இல்லை; சுவரில் சாய்த்திருந்த, பாதி எழுதிய பலகையில் இருந்தது. அவர் அதை மறுக்கவும் இல்லை. "அந்தச் சிவப்புக்குக் கீழை மஞ்சள் பூசியிருக்கிறியளோ?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளேயிருந்து இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பலகைக்காரர் அந்தச் சளியில் சாகவில்லை. குணமானதும் எங்கள் அலுவலகப் படியேறி வந்து, "நான் இன்னம் உசிரோட ஈக்கிறன்டு பேப்பர்ல போடுங்க, அவருக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டாஞ்சேனை ஓவியரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசல். அவருடைய மகள் இறந்த பிறகு நான் அவரைக் கண்ட நாட்கள் அதற்குப் பின்னால் நிற்கின்றன. அவற்றுக்கு வராமல் இதை எழுதி முடிக்க வழியில்லை.

நான் அப்போது கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியன். வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், போடிங் வீட்டில் இருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். கொட்டாஞ்சேனையில் குடியேறி நெடுங்காலம் ஆகியிருந்தது. தொழில் மாதா கோயில்களுக்குப் படம் எழுதுவது. ஐரோப்பாவிலிருந்து வரும் திருப்படங்களைப் பார்த்துக் கையைப் பழக்கியவர். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும் வெளிச்சம், மீதியெல்லாம் இருட்டு. காற்றில்லாத இடத்திலும் பறக்கும் உடைகள். வானத்தை நோக்கிச் சொருகிய கண்கள். காலடியில் உருளும் மேகம். இது முந்நூறு வருஷத்துக்கு முந்திய ரோமாபுரியின் பாணி என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரிச் சுவாமி அவருக்குச் சொல்லியிருந்தார்.

அதே சுவாமி இன்னொரு கதையும் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து ரோமாபுரியில் ஓர் ஓவியன் இருந்தானாம். தன் நகரத்தில் ஓவியர்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக, அவர்களின் சரித்திரத்தை எழுதி வைத்தானாம். அவர்களில் ஒருவன் இவனுடைய பரம எதிரி. இவனைப் பற்றி ஊத்தைப் பாட்டுக் கட்டித் தெருவில் பாட விட்டவன். அவன் செத்த பிறகு அவனையும் எழுதினானாம்.

"அவனுக்குத் திட்டும் இருக்குதாம், தம்பி. ஆனால் இந்த இந்தப் படம் நல்ல படம் எண்டும் எழுதியிருக்கிறானாம். இவன்ர சொந்தப் படங்கள் பெரிசா ஒண்டுமில்லையாம். அதாலை என்ன? இவன் எழுதாட்டில் அவங்களிலை கனபேரை ஆருக்குத் தெரியும்?"

இந்தக் கதை அவருக்குள் இறங்கி வேலை செய்தது. எங்கள் ஞாயிறு இதழில் அவர் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கொழும்பில் இறந்துபோன ஓவியர்கள்தான் விஷயம். கோயில் ஓவியர், நாடகத்துக்குத் திரை எழுதியவர், ரிக்‌ஷாவின் முதுகில் மயில் எழுதியவர், எல்லாரும் அவருக்கு ஓவியர்தான். உயிரோடு இருப்பவர்களைத் தொடமாட்டார். "உயிரோட இருக்கிறவனை எழுதினால் ஒண்டில் விளம்பரம், இல்லாட்டில் சண்டை" என்பார். ஆகவே கொழும்பில் ஓவியர் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், இவர் வந்து பார்த்தாரா என்றுதான் மற்றவர்கள் முதலில் கேட்டார்கள். பார்த்துவிட்டார் என்றால் முகத்தைச் சுளித்தார்கள்.

தன்னைப் பற்றி அவருக்கு மயக்கம் இல்லை. "நான் இரண்டாந்தரம். உடுப்பு எனக்கு வரும், முகம் வராது. என்ர அந்தோனியார் எல்லாரும் அரசாங்கக் கச்சேரியிலை கூப்பிடுமட்டும் காத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் மாதிரி நிப்பினம்." இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாந்தரத்தில் தானே முதலாவது என்ற எண்ணம் இருந்தது. குரலில் அது தெரியும்.

எழுதும் முறை இது. செத்த வீட்டுக்குப் போவார். பிரேதத்தின் பக்கத்தில் அதிகம் நிற்கமாட்டார். ஆளின் தூரிகைகளைக் காட்டச் சொல்வார். மயிர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். படம் தொடங்கும் முன் ஆள் என்ன செய்வார், சுருட்டுப் பற்றுவாரா, மனைவியோடு சண்டை போடுவாரா என்று கேட்பார். கடைசியில் ஒரு குறையைத் தேடுவார். அவர் எழுதிய எந்தச் சரித்திரத்திலும் ஒரு குறை இருக்கும். மற்றதெல்லாம் இடத்துக்காக வெட்டினால் பேசாமல் இருப்பார். குறையை வெட்டவிடமாட்டார்.

ஒருமுறை இதைப் பற்றி அவரோடு தர்க்கித்தேன். செத்தவரின் குறையைச் சொல்லாமல் விட்டால் என்ன?

"பிறகு அது கல்வெட்டு" என்றார்.

எங்கள் ஊரில் ஆள் செத்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் எல்லாரும் உத்தமர், எல்லாரும் கொடையாளி, எல்லாரும் சுற்றம் போற்றியவர். பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும்.

"ஆளைக் காணேல்லை எண்டு பொலிசுக்குப் போறீர். அவன் என்ன கேப்பான்? நல்லவனோ எண்டு கேப்பானோ? தழும்பு இருக்கோ, காலை இழுத்து நடப்பாரோ எண்டுதானே கேப்பான்? அப்பத்தான் தேடிப் பிடிக்கலாம்."

ஜிந்துப்பிட்டி நாடகக் கொட்டகைக்குத் திரை எழுதிய ஒருவரைப் பற்றி அவர் எழுதியது வெளிவந்த வாரம், அந்த மனிதரின் விதவை தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். தற்செயலாக கொட்டாஞ்சேனை ஓவியரும் என் மேசைக்கு எதிரில் இருந்தார்.

"எம் புருசனுக்குக் குதிரை போட வராதுன்னு எழுதியிருக்கீங்களாமே. தெருவே சிரிக்குது" என்றார் அந்த அம்மா.

"வருமோ?" என்றார் அவர்.

"அதுக்குன்னு பேப்பர்லயா போடுவாங்க?"

"குதிரையின்ர காலை எல்லாம் பற்றைக்குப் பின்னாலை ஒளிச்சவர். நான் எல்லாத் திரையையும் பார்த்தனான். பொய் எண்டால் சொல்லுங்கோ, மாத்தி எழுதுறன்."

அண்ணன் மேசையில் தட்டி ஏதோ தொடங்கினார். "சும்மா இருண்ணே" என்று அவரை அடக்கிவிட்டு அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"பொதரு மட்டுமில்ல" என்றார். "ஒருக்கா ராசா குதிரையில வர்ற சீனு. பொதருக்கு எடமில்ல, அரமன வாசலு. என்னடா பண்றதுன்னு முழிச்சிட்டு, குதிர காலு முன்னால ஒரு ஆட்டு மந்தையையே போட்டுட்டாரு. அரமன வாசல்ல ஆடு!"

சொல்லி முடிக்கும்போது சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். பிறகு அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அப்படியே நின்றார். போகும்போது, பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அந்த இதழில் இன்னும் சில பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர்கள் படியிறங்கிய பிறகு அவர் தொடையில் அடித்துக்கொண்டார். "ஆட்டு மந்தை! எனக்குத் தெரியாமல் போச்சுதே."

சில ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து என்னைத் தேடி வெள்ளவத்தைக்கு வருவார். ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் நடப்போம். அவர் கடலைப் பார்த்ததை நான் கண்டதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் நிற்கும் பேக்கரி வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ரோசாப்பூவைப் பார்ப்பார். "உவன் இடக்கைக்காரன். தண்டு எல்லாம் மற்றப் பக்கம் சரியுது பாரும்." வண்டி திரும்பி மறைந்த பிறகும் அதையே பேசிக்கொண்டு வருவார்.

கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்கு நான் போகத் தொடங்கியபோது மகளுக்கு இருபது வயது இருக்கும். ஒரே பிள்ளை. முன்னறைதான் படம் எழுதும் இடம். மண்ணெண்ணெயும் தர்ப்பெந்தினும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த வாசனையோடுதான் அந்த வீட்டில் தேநீரும் குடிக்க வேண்டும். மனைவி அதிகம் பேசாதவர். அடுப்படியில் இருந்தபடியே முன்னறையில் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சில் நியாயம் தவறினால் அங்கிருந்து ஒரு செருமல் வரும்.

தகப்பனுக்கு வராத முகம் மகளுக்கு வந்தது. அவர் உடுப்பை எழுதுவார், அவள் முகத்தை எழுதுவாள். அந்தப் பகுதிக் கோயில் ஒன்றில் மாதாவின் பக்கப்பீடத்துக்கு மேலே உள்ள வளைவில் சிறகு முளைத்த சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், வரிசையாக வேண்டும் என்று வேலை வந்தது. அந்த வேலையை முழுவதும் அவளிடமே விட்டுவிட்டார். வீட்டில் துணிச்சட்டத்தில் எழுதி, பிறகு கொண்டுபோய்ப் பொருத்துவதாக ஏற்பாடு. நான் போன ஒருநாள் அவள் கண்ணாடியை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு முகத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். பிறவியிலேயே மூக்கால் மூச்சுவிட முடியாத பிள்ளை. அந்த ஒழுங்கைப் பொடியன்கள் அவளைக் கண்டால் வாயைப் பிளந்து காட்டுவார்கள். அவள் இன்னும் அகலமாகப் பிளந்து காட்டுவாள்.

"எடியே, இந்தச் சம்மனசும் வாயைத் திறந்துகொண்டு நிக்குது" என்றார் அவர்.

"கண்ணாடியிலை அப்பிடித்தானே தெரியுது, அப்பா."

"கண்ணாடியிலை தெரியிறது நீ. மோட்சத்திலை இருக்கிறவைக்கு மூக்கடைப்பு இல்லை."

"நீங்கள் போய்ப் பார்த்தனீங்களோ?"

அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பி, "மூடிப் பார்த்தனான், அண்ணை. மூடினால் வாய்க்குள்ளை தண்ணி வைச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி வருது. எப்ப துப்பப் போகுதோ எண்டு எனக்கே பயமா இருந்துது. அழிச்சுப்போட்டன்" என்றாள்.

"ஒரு வரிசைச் சம்மனசு. எல்லாம் ஈ பிடிக்குது" என்றார் அவர்.

"என்ர சரித்திரத்திலை எழுதுங்கோவன். குறை வேணுமெண்டுதானே தேடித் திரியிறியள்."

"உன்ர சரித்திரம் எழுத நான் இருக்கமாட்டன். நீதான் என்ரதை எழுத வேணும். குறையை விட்டிடாதை."

"ஒண்டு மட்டும் எண்டால் கஷ்டம், அப்பா. எதை விடுறது?"

செருமலோடு மனைவியே வாசலுக்கு வந்துவிட்டார். "மத்தியான நேரத்திலை என்ன கதை இது? வாயைக் கழுவுங்கோ ரெண்டு பேரும்."

சம்மனசுகள் கோயிலுக்குப் போயின. அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

செத்த வீட்டில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: பிள்ளை சம்மனசாகிவிட்டாள். தாய் பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். எவர் வந்து கட்டிப்பிடித்தாலும் அழவில்லை. தகப்பன் முன்னறை மேசையடியில் நின்றார். அவளுடைய தூரிகைகள், அவள் காய்ச்சலில் படுக்கும் முன் வைத்த இடத்தில், நிறம் காய்ந்து விறைத்துக் கிடந்தன. பெட்டியை எடுக்கும்வரை அவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தர்ப்பெந்தினில் கழுவிக்கொண்டிருந்தார். மயிரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்து அவளைப் பற்றிய சரித்திரத்தை என்னிடம் தந்தார். மற்றவர்களுக்கு எழுதிய அதே நடை. மகள் என்ற சொல் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வந்தது. எங்கே எழுதினாள், என்ன நிறம் விரும்பினாள், எதில் விரைவு, எதில் சோம்பல். கடைசிப் பந்தி இது:

'அவள் எழுதிய சம்மனசுகளின் வாய் எல்லாம் பாதி திறந்திருக்கும். அவை பாடுவதாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பாடவில்லை. அவளுக்கு மூக்கால் மூச்சு வராது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே எழுதினாள். மூடிய வாய் எழுத அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. வாயை மூடு என்று நான் அவளைச் சிறுவயது முதல் கண்டித்திருக்கிறேன். மூடினால் அவளுக்கு மூச்சு முட்டும்.'

நான் படித்து முடிக்கும்வரை அவர் நின்றார். "எல்லாத்தையும் போடவேணுமெண்டில்லை, தம்பி. இடமில்லாட்டில் மேலை வெட்டும். அந்தக் கடைசிப் பந்தி மட்டும் இருந்தால் போதும். ஆள் அதுக்குள்ளை இருக்கிறாள்."

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிக் காகிதத் தட்டுப்பாடு வந்திருந்தது. ஞாயிறு இதழ் பாதியாகச் சுருங்கி, ஆசிரியரே ஒவ்வொரு பந்தியையும் அளந்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர். அந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெத்த தகப்பன் எழுதுற எழுத்தே இது?" என்று கேட்டார். "இண்டைக்கு இருக்கிற மனநிலையிலை எழுதிப்போட்டார். நாளைக்குப் படிச்சால் அவருக்கே நெஞ்சு வெடிக்கும்."

கடைசிப் பந்தியைக் கோடு போட்டு வெட்டினார். அதற்குப் பதில் ஒரு வாக்கியம் எழுதினார்: 'அவள் தீட்டிய சம்மனசுகள் இறைவனின் புகழை இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன.'

"அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், ஐயா. அந்தப் பந்தியைத்தான் வைக்கச் சொன்னவர்" என்றேன்.

"துக்கத்திலை இருக்கிற மனுசன், தம்பி. நாங்கள்தான் பார்த்துச் செய்ய வேணும்."

திங்கட்கிழமை காலை ஓவியர் வந்தார். இதழை மடித்து அக்குளில் வைத்திருந்தார். நேரே ஆசிரியரின் மேசைக்குப் போய் அதை விரித்து வைத்தார். குரல் உயரவில்லை.

"இது ஆற்ற பிள்ளை?"

ஆசிரியர் எழுந்து நின்றார். "இருங்கோ. உங்கட நன்மைக்குத்தான்..."

"இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. நல்ல பிள்ளை போலை கிடக்குது. பாட்டும் பாடுறாள். ஆனால் என்ர வீட்டுப் பிள்ளை இல்லை."

"ஒரு தகப்பன் அப்பிடி எழுதினால் ஊர் சிரிக்குமே."

"சிரிக்கட்டும். அவளைக் கண்டு எல்லாரும் சிரிச்சவைதானே. அவளும் சேர்ந்து சிரிச்சவள்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு திருத்தம் போடுங்கோ."

"திருத்தம் பிழைக்குத்தான் போடுறது."

"பிழைதான்."

யோசிப்போம் என்றார் ஆசிரியர். அடுத்த ஞாயிறு திருத்தம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒவ்வொரு திங்களும் அவர் படியேறி வந்தார். வேறு எந்த ஓவியரைப் பற்றியும் பேசவில்லை. ரிக்‌ஷா எழுதியவர் ஒருவர் கிராண்ட்பாஸில் இறந்திருந்தார், நான் சொன்னேன். "அப்பிடியோ" என்றார். செத்த வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு திங்கள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அவளை நினைக்க வாய்தான் முதல் வரும், தம்பி. பிறகுதான் மூக்கு, கண் எல்லாம் வரும். இப்ப வாற போறவை எல்லாம் பாட்டு, பாட்டு எண்டு சொல்லச் சொல்ல, அந்த முகம் வேறை ஆற்றையோ முகமாப் போகுது. எனக்குப் பயமாக் கிடக்குது."

கோயிலில் அந்த இதழ் கைமாறிக்கொண்டிருந்தது. மாதா திருநாளன்று பங்குச் சுவாமி ஆசிரியரின் வாக்கியத்தைப் பிரசங்கத்தில் வாசித்தார். பாடுகிற சம்மனசுகளின் கைகள் ஏன் வெறுமையாக இருக்க வேண்டும் என்று பிறகு அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு சம்மனசின் கையிலும் ஒரு பாட்டுத்தாள் எழுதித் தரும்படி தகப்பனையே கூப்பிட்டுக் கேட்டார்.

"அவை பாடேல்லை, சுவாமி."

"பேப்பரிலை நீங்கள்தானே எழுதினீங்கள்?"

அச்சில் அந்த வாக்கியத்துக்குக் கீழே இருந்தது அவருடைய பெயர். அதை எழுதியது ஆசிரியர் என்று சொன்னார். துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று சுவாமி தோளில் தட்டி அனுப்பினார். பாட்டுத்தாள் எழுத நீர்கொழும்பிலிருந்து வேறொரு ஓவியர் வந்தார்.

இதையெல்லாம் அடுத்த திங்கள் அவர் எங்கள் அலுவலகத்தில் வந்து சொன்னார். ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, மகள் எழுதிய படத்துக்கு மேலே வேறொருவன் தூரிகை போகிறது, அதுவும் தன் வாக்கியத்தால் போகிறது என்பது ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பந்தியை எடும்" என்றார் என்னிடம். "அப்பிடியே போடுவம். தவறுதலாய் விடுபட்டது எண்டு போடும்." அன்றே அச்சுக்கோக்கக் கொடுத்தேன். ஒரு படி எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகல் கொட்டாஞ்சேனைக்கு ட்ராம் ஏறினேன். அவர் வீடு பூட்டியிருந்தது. கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "அக்காவும் போயிருக்கிறா. செத்த வீட்டுக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாசற்படி தாண்டினவ."

கோயிலில் வேறு யாரும் இல்லை. நீர்கொழும்பு ஓவியர் ஏறி நின்ற மரச்சாரம் கழற்றி ஓரத்தில் அடுக்கியிருந்தது. பக்கப்பீடத்துக்கு முன்னால் முதல் வாங்கு இருக்கையில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மேலே வளைவில் அவள் முகம் வரிசையாக, வாய் பாதி திறந்தபடி. ஒவ்வொன்றின் கையிலும் சுருள் விரிந்த ஒரு தாள். தாளில் கோடுகளும் சுரப் புள்ளிகளும்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் செய்திருக்கிறான்" என்றார் தாழ்ந்த குரலில். "நிழல் சரியான பக்கம் விழுந்திருக்கு. அவளின்ர நிறத்தோட ஒட்டிப் போகுது. கை தெரிஞ்ச ஆள்."

"முகம்?"

"தொடேல்லை."

மடித்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நாளைக்கு வருகுது. முழுப் பந்தியும்" என்றேன். அவர் விரித்தார். வெளிச்சம் போதாது; கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். அவர் முகம் தளர்ந்தது. முழங்காலில் அந்தத் தாளை வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார்.

அப்போது மனைவி பேசினார். செத்த வீட்டிலிருந்து அன்றுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"உங்களுக்குக் கேக்குதோ?"

"என்னது?"

"பிள்ளை பாடுறாள்." அவர் கண் வளைவை விட்டு அசையவில்லை. "சனம் எல்லாம் சொல்லிச்சுது, நான் நம்பேல்லை. அவளுக்கு ரெண்டு அடி பாட முந்தி மூச்சு வாங்குமே. இப்ப பாருங்கோ. மூச்சு முட்டாமல் பாடுறாள்."

ஓவியர் மேலே பார்த்தார். ஒவ்வொரு முகமாக, வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். ஓவியர் ஒருவரைப் பற்றிப் பொய்யான ஒரு வார்த்தை தன் காதில் விழுந்து, அதை அவர் திருத்தாமல் விட்டதை நான் அதுவரை கண்டதில்லை.

"ஓம்" என்றார். "கேக்குது."

மனைவி அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் ஒரு கையால் மனைவியை அணைத்துக்கொண்டார். மற்றக் கையால் முழங்காலில் இருந்த தாளை, முந்தி இருந்த மடிப்புகளிலேயே மடித்து, என் பக்கம் திரும்பாமல் என் சட்டைப்பைக்குள் வைத்தார்.

நான் திரும்பி அலுவலகத்துக்கு வந்தேன். ஞாயிறு இதழின் பக்கம் இன்னும் அச்சுச் சட்டத்தில் இறுக்கப்படாமல் மேசையில் இருந்தது. அந்தப் பந்தியை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று அச்சுக்கோப்பவர் கேட்டார். எழுதியவர் வேண்டாமென்கிறார் என்றேன். அவர் பந்தியைச் சுற்றிக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துப்பெட்டியில் அவற்றின் அறைகளில் போட்டார்.